ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல: புதிதாக அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டரின் கோளாறு

"பிராசசர் டெட்" என்று ஒரு கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்ட கம்ப்யூட்டர் இது. 2022 கடைசியில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தது. முழுக்கப் புதுசு, ஒரு முறைகூட டிஸ்ப்ளே வந்ததில்லை. இன்ஜினியரிங் படிக்கும் பையன் தானே பொருள் பார்த்து வாங்கி, தானே மாட்டியிருந்தான். பவர் பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் ஓடும், ராமில் உள்ள கலர் விளக்குகள் எரியும், கிராபிக்ஸ் கார்டின் ஃபேனும் சுற்றும். மானிட்டர் மட்டும் "நோ சிக்னல்" என்று காட்டிவிட்டு அணைந்துவிடும்.

உள்ளே இருந்தவை: ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசசர், பி450 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. போர்டு சென்னை ரிட்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியது. பிராசசர் ஆன்லைன் தள்ளுபடியில் வந்தது. மற்றதெல்லாம் திருச்சியிலேயே. இப்படி ஆளுக்கொரு பக்கம் வாங்கியதால் வந்த சங்கடம் என்னவென்றால், போர்டு விற்றவர் பிராசசரைக் கை காட்டினார், பிராசசர் விற்றவர் போர்டைக் கை காட்டினார். சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க இருவருமே தயாராக இல்லை.

கூட வந்த அப்பாவுக்குப் பையன் மேல்தான் சந்தேகம். "இவன் மாட்டினதுல ஏதாச்சும் கோளாறா சார்?" என்று வந்ததும் கேட்டார். பையன் முகம் சுருங்கிப் போயிற்று.

"தம்பி, மானிட்டர் கேபிளை எதுல சொருகின?"

"கார்டுலதாண்ணா. அப்புறம் போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ-லயும் போட்டுப் பார்த்தேன்."

போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் எப்போதும் வராது. ரைசன் 5 5600-ல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளை இந்தப் பிராசசருக்கு வெறும் அலங்காரம். புதுக் கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லை என்று வருபவர்களில் கணிசமானோர் இந்த ஒரு கேபிளை மாற்றிச் சொருகியதும் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார்கள். இவன் கார்டிலும் போட்டுப் பார்த்திருந்தான், எனவே அது இல்லை.

பையன் என்னென்ன செய்து பார்த்தான் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ராமை ஸ்லாட் மாற்றினான், ஒற்றை ராமை மட்டும் வைத்துப் பார்த்தான், பக்கத்து வீட்டு மானிட்டரைக் கொண்டுவந்தான். கடைசியாகக் கூலரைக் கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டான். கூலரை இழுத்தபோது பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று கடைசி விஷயத்தை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம். ஏஎம்4 என்ற சாக்கெட் வகையைச் சேர்ந்த இந்தப் பிராசசரின் அடியில் 1331 கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமுடி போல. பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிடுங்கினால் வளைந்துவிடும்.

முதலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

ஃபேன் ஓடுவதை வைத்து "போர்டு நல்லா இருக்கு, பவர் நல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய. ஃபேன் ஓட 12 வோல்ட் போதும், பிராசசர் ஒரு வரி நிரலைக்கூட ஓட்டியிருக்க வேண்டியதில்லை. பல போர்டுகளில் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) வேலையைத் தொடங்கிய பிறகுதான் ஃபேன் வேகம் குறையும். அதற்கு முன் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும். இந்த மெஷினில் ஃபேன் குறையவே இல்லை. இது ஒரு சின்னத் துப்பு, ஆனால் துப்புதான்.

இதைவிடப் பெரிய துப்பு போர்டின் ஓரத்தில் இருந்தது. இப்போதைய போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு குட்டி எல்இடிகள் இருக்கும். பூட் ஆகும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று எரிந்து அணையும், எங்கே நின்றதோ அது மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். இதில் சிபியு விளக்கு எரிந்தபடி நின்றது. கடைக்காரர் சொன்ன தீர்ப்புக்கு அடிப்படை இதுதான். பையன் போட்டோ அனுப்பியிருக்கிறான், அவர் "சிபியு லைட் எரியுது, அப்ப சிபியு டெட்" என்று முடித்துவிட்டார்.

என் அனுபவத்தில் பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பிராசசர் செத்துக் கிடப்பது மிக அபூர்வம். சிபியு விளக்கு எரிந்தால், பிராசசர் வேலையைத் தொடங்கியதாக போர்டுக்குத் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். அதற்கு பிராசசர் காரணமாக இருக்கலாம், அதற்குப் போகும் பவர் காரணமாக இருக்கலாம், சாக்கெட்டில் தொடுகை சரியில்லாமல் இருக்கலாம், போர்டே பழுதாக இருக்கலாம், அல்லது போர்டுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டு, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ். வேறு எதுவும் இல்லை. பவர் பட்டனுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்தேன். அதே கதை, அதே விளக்கு. இதனால், கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட் தவறான இடத்தில் இருந்து போர்டின் அடியைத் தொடுவது, ரீசெட் பட்டன் உள்ளே சிக்கி நிற்பது, முன்பக்க யுஎஸ்பி வயர் ஷார்ட் ஆவது ஆகிய சந்தேகங்கள் ஒரே அடியில் போயின. (போர்டு வந்த பளபளப்பான கவரின் மேல் வைத்து ஆன் செய்யாதீர்கள். அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.)

அடுத்து பவர். பையன் பேப்பர் கிளிப்பால் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து எஸ்எம்பிஎஸ் ஓடுகிறது என்று வீடியோ பார்த்துச் சோதித்திருந்தான். எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லும், லோடில் தாங்குமா என்பதற்குச் சொல்லாது. எனவே போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தேன். 12 வோல்ட் லைன் 12.1, 5 வோல்ட் லைன் 5.05, 3.3 வோல்ட் லைன் 3.32. ஏடிஎக்ஸ் கணக்குப்படி ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை. எல்லாம் நடுவிலேயே நின்றன. சாம்பல் நிற வயரில் 5 வோல்ட் இருந்தது. "வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டது, தொடங்கலாம்" என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் வயர் அது, அது வராமல் எந்தப் போர்டும் பிராசசரைத் தொடங்க விடாது. பிராசசருக்கான 8 பின் கனெக்டரும் கிளிப் விழும்வரை அழுந்தியிருந்தது, அதில் 12 வோல்ட்டும் வந்தது. சிலர் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளை அங்கே திணிக்கப் பார்ப்பார்கள். அமைப்பு வேறு என்பதால் ஒழுங்காக நுழையாது, பலத்தைக் காட்டினால் ஆபத்து.

அப்புறம், இந்த மாதிரி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ராமை முழுதாகக் கழற்றிவிட்டு ஆன் செய்வது. ஏதாவது வேலை செய்ய வைப்பது இதன் நோக்கமில்லை, புகார் சொல்ல வைப்பதுதான். பிராசசர் உயிரோடு தொடங்கும் மெஷினில் ராம் இல்லையென்றால் விளக்கு டிராமுக்கு நகரும், ஸ்பீக்கர் இருந்தால் பீப் அடிக்கும். இங்கே இரண்டும் இல்லை. ராம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷினுக்கு ஒன்றுதான். ஆகவே ராமைத் தேடும் கட்டத்துக்கே அது வரவில்லை. பையன் ராமை மாற்றி மாற்றிச் செலவிட்ட நேரமெல்லாம் வீண் என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிட்டது. கார்டு, மானிட்டர், எஸ்எஸ்டி பற்றிய பேச்சுக்கே இனி இடமில்லை, அதெல்லாம் ராமுக்கும் பிறகு வருபவை.

சிமாஸ் கிளியரும் செய்தேன், பட்டன் செல்லையும் கழற்றி வைத்தேன். மாற்றமில்லை. சிமாஸ் கிளியர் செய்தால் நாம் மாற்றிய செட்டிங்குகள்தான் அழியும், பயாஸின் பதிப்பு அப்படியே இருக்கும். இதைக் குழப்பிக்கொண்டு "பயாஸை ரீசெட் பண்ணியாச்சு, அதனால பயாஸ் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் டெக்னீஷியன்களையே பார்த்திருக்கிறேன்.

வளைந்த கம்பிகள்

பிராசசரை எடுத்துப் பார்த்தாக வேண்டும். மெஷின் ஓடி வெதுவெதுப்பாக இருந்தால் பேஸ்ட் இளகிக் கூலர் சுலபமாக வரும், ஓடாத மெஷினில் அதற்கு வழியில்லை. ஹேர் டிரையரால் கூலரைச் சூடாக்கி, மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி எடுத்தேன். பிராசசர் சாக்கெட்டிலேயே தங்கியது. லீவரைத் தூக்கிப் பிராசசரை எடுத்து, வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பார்த்தபோது ஒரு மூலையில் மூன்று கம்பிகள் லேசாகச் சாய்ந்திருந்தன.

பையனின் அப்பா எட்டிப் பார்த்து, "அப்ப இதான் சார் காரணம்" என்றார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காரணமும் கைக்குக் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் பக்கத்திலேயே நிற்கிறான். ஆனால் கால வரிசை ஒத்துவரவில்லை. டிஸ்ப்ளே வராததால்தான் அவன் கூலரைக் கழற்றினான், கழற்றியபோதுதான் பிராசசர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கம்பி சாய்ந்தது பிரச்சினைக்குப் பிறகு. முதல் முறை ஆன் செய்தபோதே டிஸ்ப்ளே வரவில்லையே, அதற்கு இந்தக் கம்பிகள் பதில் சொல்லவில்லை.

லெட் எடுத்த 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் குழாய் முனையைக் கம்பியில் மாட்டி மெல்ல நிமிர்த்தினேன். ஒரே தடவையில் நிமிர்த்தப் பார்க்கக் கூடாது, உடைந்தால் பிராசசருக்கு உண்மையிலேயே சாவுதான், வாரன்டியும் போய்விடும். பிறகு எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிராசசர் தன் எடையிலேயே சாக்கெட்டில் உட்கார்ந்தது. ஆன் செய்தேன். சிபியு விளக்கு அசையவில்லை.

அட்டைப்பெட்டி சொன்ன பதில்

மிச்சமிருந்த சந்தேகங்களில் ஒன்று, போர்டுக்கு இந்தப் பிராசசரை அடையாளம் தெரியவில்லை என்பது. போர்டின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் "ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி" என்று ஒரு ஸ்டிக்கர். விற்கிறவர் அதை ஒரு பெருமையாகக் காட்டியிருக்கலாம். எனக்கு அது போர்டின் வயதைச் சொன்னது. ரைசன் 3000 வந்தது 2019-ல். அந்தக் காலத்துப் பயாஸோடு தொழிற்சாலையிலிருந்து வந்து, மூன்று வருடம் கடையில் தூங்கிய போர்டு இது. ரைசன் 5 5600 விற்பனைக்கு வந்ததே 2022 ஏப்ரலில். தயாரிப்பாளரின் தளத்தில் இந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலைத் திறந்தால், 5600-க்கு நேராக 2022-ல் வந்த ஒரு பயாஸ் பதிப்பு எண் இருந்தது. "இந்தப் பதிப்பிலிருந்து" என்ற அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் வாங்குகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை. பட்டியலில் பிராசசர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

பி450-க்கும், 5600 சேர்ந்த 5000 வரிசைக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இழுபறி. பி450 2018 ஜூலையில் வந்தது. 2020 மே மாதத்தில் ஏஎம்டி, அடுத்த ஜென் 3 பிராசசர்கள் (பிறகு 5000 வரிசையாக வந்தவை) பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. பயாஸ் சிப்பில் இடம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பல போர்டுகளில் அந்தச் சிப் 16 எம்பிதான், அதற்குள் எத்தனை தலைமுறைப் பிராசசர்களுக்கான நிரல்களை அடைப்பது? வாங்கியவர்கள் கொதித்தெழ, அதே மாதம் ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. ஆதரவு கொடுப்பதற்காகச் சில போர்டுகளின் புதுப் பயாஸில் மிகப் பழைய பிராசசர்களுக்கான நிரலை எடுத்துவிட்டார்கள். எனவே "ஏஎம்4 சாக்கெட், ஏஎம்4 பிராசசர், மாட்டினா ஓடும்" என்பது பாதி உண்மைதான்.

பயாஸுக்குப் பிராசசரைத் தெரியாவிட்டால் ஒரு எச்சரிக்கைச் செய்தியாவது காட்டக் கூடாதா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ரைசன் சிப்புக்குள் ஆர்ம் வகையைச் சேர்ந்த ஒரு குட்டிப் பிராசசர் தனியாக இருக்கிறது. பவர் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். அது பயாஸ் சிப்பிலிருந்து தனக்குரிய நிரலைப் படித்து, ராமைத் தயார் செய்து, அதற்குப் பிறகுதான் நாம் காசு கொடுத்து வாங்கிய ஆறு கோர்களையும் எழுப்பும். பழைய பயாஸில் இந்தச் சிப்புக்குரிய நிரலே இல்லை. குட்டிப் பிராசசர் தொடக்கத்திலேயே நின்றுவிடும், பெரிய கோர்கள் விழிக்கவே மாட்டா. திரையில் செய்தி எழுத வேண்டியது அந்தக் கோர்களில் ஓடும் நிரல். அது ஓடாதபோது செய்தி எங்கிருந்து வரும்? ராமைக் கழற்றியும் மெஷின் கண்டுகொள்ளாததற்கு விளக்கமும் இதில் இருக்கிறது.

இதே காரணத்தால் இந்தப் பிராசசரை வைத்துக்கொண்டு பயாஸை அப்டேட் செய்யவும் முடியாது. சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும், இதில் இல்லை. சிஎச்341ஏ புரோகிராமர் என்ற கருவியால் பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதலாம். ஆனால் ஏஎம்4 போர்டுகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சிப் இருப்பதால், அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப்பே போய்விடும். எங்களிடம் இதைவிட எளிய வழி இருந்தது. கடையில் ஒரு பழைய ரைசன் 3 2200ஜி எப்போதும் கிடக்கும். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸும் உண்டு.

ஒரு வேடிக்கை. 2018-ல் இந்த 2200ஜி புதிதாக வந்தபோது அதற்கு முந்தைய போர்டுகளில் இதுவும் இப்படித்தான் பூட் ஆகாமல் நின்றது. அப்போது பயாஸ் அப்டேட் செய்வதற்கென்றே ஏஎம்டி ஏ6-9500 என்ற சின்னப் பிராசசரை வாடிக்கையாளர்களுக்குக் கடனாக அனுப்பியது. அன்றைக்கு உதவி கேட்டு நின்ற சிப் இன்றைக்கு உதவிக்கு வருகிறது.

2200ஜியை மாட்டி, கேபிளை இம்முறை போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகி ஆன் செய்தோம். சிபியு விளக்கு எரிந்து அணைந்தது, டிராம் எரிந்து அணைந்தது, பயாஸ் திரை வந்தது. பையன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போர்டு, எஸ்எம்பிஎஸ், ராம் மூன்றும் நல்லவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. திரையின் மூலையில் பயாஸ் தேதி 2019.

அப்டேட்

அவசரப்பட்டுக் கடைசிப் பதிப்பை நேரடியாக ஏற்றவில்லை. தயாரிப்பாளரின் குறிப்பில் இடையில் ஒரு பதிப்பை முதலில் ஏற்ற வேண்டும் என்று இருந்தது, அப்படியே செய்தோம். இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஏற்றப் போகும் புதுப் பதிப்பு, நாம் உதவிக்கு வைத்திருக்கும் பழைய பிராசசரையும் ஆதரிக்கிறதா என்று. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்தது, கோப்பு அதே மாடலுக்கானதா என்று போர்டில் அச்சிட்ட பெயரோடும் அதன் ரிவிஷன் எண்ணோடும் ஒப்பிட்டது. மெஷினை யுபிஎஸ்ஸில் மாட்டினேன். நம்மூர் கரன்ட்டை நம்பி பயாஸ் எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது 5600-க்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், ஏஎம்டி தரும் ஏஜிஇஎஸ்ஏ என்ற அடிப்படை நிரலின் 1.2.0.7 அடங்கிய பதிப்பை எடுத்தேன். எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ளேயே உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி) இயங்கும்போது விண்டோஸ் அவ்வப்போது ஒரு கணம் திக்கி நிற்கும் குறை ஒன்றை 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அதற்கான திருத்தம் இந்தப் பதிப்பிலிருந்துதான். பையன் விண்டோஸ் 11 போடப் போகிறான், அதற்கு டிபிஎம் வேண்டும். பிறகு வந்து "ஆடியோ விட்டு விட்டு வருதுண்ணா" என்று நிற்பதற்கு இப்போதே முடித்துவிடலாம்.

எழுதி முடித்ததும் மெஷின் தானாக அணைந்து எழுந்தது. சிறிது நேரம் கறுப்புத் திரை. இந்த இடத்தில்தான் பலர் பயந்து பவரை அணைத்துவிடுகிறார்கள். பழைய செட்டிங் எல்லாம் போய்விட்டதால் ராமை அது முதலிலிருந்து பழக்கிக்கொள்கிறது, பொறுத்திருக்க வேண்டும். (டிடிஆர்5 போடும் ஏஎம்5 போர்டுகளில் இந்த முதல் காத்திருப்பு சில நிமிடங்கள்கூட நீளும். எந்தப் பழுதும் இல்லாமல் "டிஸ்ப்ளே வரல" என்று சர்வீஸுக்கு வரும் மெஷின்கள் அவை.)

பிறகு 5600-ஐத் திரும்ப மாட்டினேன். நல்ல பேஸ்ட், நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி. கேபிள் மறுபடி கார்டுக்கு. விளக்குகள் நான்கும் வரிசையாக எரிந்து அணைந்தன. முதலில் வந்த திரை, பிராசசர் மாறியிருக்கிறது, எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. புது எஸ்எஸ்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்பதால் ஒய் அழுத்தினோம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்ட பழைய டிரைவ் இருந்திருந்தால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் அந்த ஒய்யைத் தொடவே கூடாது.

பயாஸில் ரைசன் 5 5600 என்று பெயர் வந்தது, ராம் 16 ஜிபியும் தெரிந்தது. இதைக் குறிப்பாகப் பார்த்தேன். சாய்ந்து நிமிர்த்திய கம்பிகள் மெமரிக்குப் போகும் வரிசையைச் சேர்ந்தவையாக இருந்து தொடுகை சரியில்லாமல் போனால், ஒரு சேனல் காணாமல் போய் 8 ஜிபி மட்டும் தெரியும். அப்படி இல்லை, இரண்டு சேனலும் இருந்தன. 3200 ராம் 2666-ல் ஓடிக்கொண்டிருந்தது, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்ததும் 3200-க்கு வந்தது. இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓட விட்டேன், பிழை ஏதும் இல்லை. மறுநாள் விண்டோஸ் போட்டு, பிராசசருக்கு முழு லோடு கொடுத்துச் சூட்டையும் பார்த்துவிட்டுத்தான் கேபினெட்டை மூடினோம்.

அப்பா வந்து எடுத்துப் போகும்போது பழைய கேள்வியையே கேட்டார். மாட்டியதில் குறையில்லை, பொருள் தேர்வில் ஒரு இடத்தைப் பார்க்கத் தவறியிருக்கிறான், அதை விற்கிறவர்களே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பழைய ஸ்டாக் போர்டு வாங்கும்போது "இந்தப் பிராசசருக்குப் பயாஸ் அப்டேட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால் விவரம் தெரிந்த கடைகளில் செய்து தருவார்கள். இன்டெல் பக்கமும் இதே கதைதான். 12-ஆம் தலைமுறையோடு வந்த பி660 போர்டில் 2022 அக்டோபரில் வந்த 13-ஆம் தலைமுறையை மாட்டினால் சாக்கெட் ஒன்றேதான், பயாஸ் பழசாக இருந்தால் இதே போல நிற்கும்.

ஏற்றிய பயாஸ் பதிப்பு எண்ணையும் தேதியையும், எந்தப் பிராசசரை வைத்து ஏற்றினோம் என்பதையும் ஒரு லேபிளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில் ஒட்டிக் கொடுத்தேன். பையன் அதைப் போட்டோ எடுத்து போர்டு வாங்கிய கடைக்கு அனுப்பினான்.